எழாத பந்தி

மூன்றாம் தடவையும் கருப்பம்மாள் அதே இடத்தில் நின்றுபோனாள்.

ஈப்போவில் ஒரு லுத்தரன் கோயிலின் பின்னறை அது. மேசைக்கு அந்தப் பக்கம் ஐந்து பேர். நடுவில் சபைச் செயலாளர் ஆம்புரோஸ், அவருக்கு இடப்பக்கம் போதகர் அலெக்சாண்டர், மற்ற மூவரும் கமிட்டிக்காரர்கள். மேசைக்கு இந்தப் பக்கம் கருப்பம்மாள் மட்டும். நாற்காலி ஒன்று காலியாகத்தான் கிடந்தது. உட்கார் என்று யாரும் சொல்லவில்லை, அவளும் உட்காரவில்லை.

ஞானஸ்நானம் கேட்டு வருகிற பெரியவர்கள் வினாவிடைப் புத்தகத்தைக் கமிட்டி முன்னால் பார்க்காமல் ஒப்பிக்க வேண்டும். அதுதான் அந்தச் சபையின் வழக்கம். கருப்பம்மாள் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தாள். சொல்லச் சொல்ல அவள் வலது மணிக்கட்டு உள்பக்கமாக வளைந்து வளைந்து திரும்பியது. பத்துக் கட்டளைகள், ஒவ்வொன்றுக்கும் அர்த்தம், விசுவாசப் பிரமாணத்தில் முதல் பகுதி, இரண்டாம் பகுதி. தடங்கலே இல்லை. மூன்றாம் பகுதியின் அர்த்தம் வந்ததும் கை அந்தரத்தில் நின்றது.

“சொல்லு,” என்றார் ஆம்புரோஸ்.

கருப்பம்மாள் கண்ணைத் திறந்தாள். “அதோட நின்னு போச்சுங்க.”

“போன வாட்டியும் இதே எடந்தான். அதுக்கு முந்தின வாட்டியும் இதே எடந்தான். அப்படி என்னா இருக்கு அந்த எடத்துல?”

“ஒண்ணும் இல்லீங்க. அங்க மரம் இல்ல.”

கமிட்டிக்காரர் ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மற்றவர் பொத்தாமலே சிரித்தார்.

“விசுவாசப் பிரமாணம் கேட்டா மரம் இல்லேங்கிற,” என்று ஆம்புரோஸ் நோட்டைத் திறந்தார். “சரி, போ. ஆறு மாசம் கழிச்சு வா.”

“ஆறு மாசம் நான் இங்க இருக்க மாட்டேங்க. தோட்டத்து லயத்து வீட்ட ஒடைக்கிறாங்க.”

“அது தோட்டத்து விசயம். இது சபை விசயம்.”

போதகர் அலெக்சாண்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஆம்புரோஸ் பேனாவை மூடிய சத்தத்தில் அது அப்படியே உள்ளே போய்விட்டது.

கதவுக்கு வெளியே நின்ற அகதாவுக்கு எல்லாம் கேட்டது. மரம் என்றால் என்ன என்று அந்தக் கட்டடத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அந்த வித்தையைச் சொல்லிக் கொடுத்ததே அவள்தான்.

கருப்பம்மாளுக்கு எழுத்து தெரியாது. பத்து காஜா என்ற ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் இருபத்தேழு வருடமாகப் பால்மரம் வெட்டுகிறவள், அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிப் பால் எடுக்கிறவள். தினமும் அதே நிரை, அதே மரம், அதே வரிசை. எந்த மரத்துக்குப் பட்டை தடித்திருக்கிறது, எது மழை பெய்தால் இரண்டு நாள் பால் தராமல் முறைத்துக்கொள்ளும், எல்லாம் அவளுக்குத் தெரியும். எட்டு மாதத்துக்கு முன்னால் அகதா புத்தகத்தோடு போய் உட்கார்ந்தபோது, “எனக்கு எழுத்து வராது தங்கச்சி, மரம் வரும்,” என்றாள். அகதாவும் அதே தோட்டத்தில் பிறந்து பதினாறு வயது வரை வெட்டியவள்தான். அப்படியானால் மரத்திலேயே வைத்துவிடலாம் என்றாள். முதல் நிரையில் முதல் கட்டளை, நாலு மரத்துக்கு அதன் அர்த்தம், அடுத்த மரம் இரண்டாம் கட்டளை. கருப்பம்மாள் விடியக்காலையில் கத்தியோடு போகும்போது மரத்துக்கு மரம் வேதத்தைச் சொல்லிக்கொண்டே வெட்டினாள். மூன்றே மாதத்தில் பாதிப் புத்தகம் மரத்தில் ஏறிவிட்டது.

பிறகு தோட்டத்தை வீடமைப்புக் கம்பெனிக்கு விற்றார்கள். மேட்டுப் பக்கத்திலிருந்து மரங்களைச் சாய்த்துக்கொண்டே வந்தார்கள். கருப்பம்மாளின் நிரையில் கடைசி இருபது மரம் போனது. அந்த இருபதில்தான் அந்த அர்த்தம் இருந்தது. எட்டு நாள் வேறு இடத்தில் வைத்துப் பார்த்தாள். நிற்கவில்லை. கண்ணை மூடினால் அங்கே செம்மண்ணும் புல்டோசர் தடமும்தான் தெரிந்தது.

பஸ்ஸுக்கு நடக்கும்போது கருப்பம்மாள் சொன்னாள்: “கிராணி மாறவே இல்ல, பார்த்தியா. அதே பேனா.”

ஆம்புரோஸ் அந்தத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். விடியக்காலைப் பெரட்டில் பேர் கூப்பிடுவது அவர்தான். பெரட்டுக் களத்துக்கு ஐந்து நிமிடம் பிந்தி வந்தால் அரைப்பேரு, அதாவது அரை நாள் சம்பளம். கைப்பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு ஓடி வந்த நாளில்கூட அவளுக்கு அரைப்பேரு போட்டிருக்கிறார். இப்போது டவுனில் வீடு, சபையில் செயலாளர்.

“அவரு போடுவாரு, நாம வாங்கிக்குவோம். அப்படித்தானக்கா பழகிட்டோம்?” என்றாள் அகதா.

“எனக்கு கோவம் இல்ல தங்கச்சி. அடுத்த வாரம் ஞாயித்துக்கெழம தம்பி லோரி கொண்டாறான். அதுக்குள்ள ஆச்சுன்னா ஆச்சு. இல்லன்னா பாரிட் புந்தார்ல யாரு எனக்கு இதெல்லாம் குடுப்பா? அங்க சுத்தி வயலும் தண்ணியும்தான்.”

அவள் தம்பி சீனி பாரிட் புந்தாரில் அரிசி ஆலையில் வேலை செய்பவன். ஞாயிற்றுக்கிழமை அவள் சாமானை ஆலை லோரியில் ஏற்றிக்கொண்டு பத்து மணிக்குக் கோயில் வாசலுக்கு வருவதாகச் சொல்லியிருந்தான். அதற்குள் எட்டே நாள் இருந்தது.

மறுநாள் மத்தியானம் ஜெலாப்பாங்கில் அகதாவின் பலகை வீட்டில் ஏழு பேர் கூடினார்கள். எல்லாரும் தோட்டத்தில் பிறந்து இப்போது தொழிற்சாலையில் வேலை செய்பவர்கள். அகதா கையுறைத் தொழிற்சாலையில். அவள் புருஷன் பிச்சைமுத்து இரும்புப் பட்டறையில். கோயிலில் ஆர்மோனியம் வாசிக்கிற இசபெல்லா பிஸ்கட் கம்பெனியில். சென்ற வருடம் இவர்கள் கமிட்டிக்கு ஒரு மனு எழுதிக் கொடுத்திருந்தார்கள். சுவிசேஷம் இலவசம் என்று பிரசங்கத்தில் சொல்கிறோம், வாசலில் மட்டும் ஏன் பரீட்சை வைக்கிறோம்; ஒப்பிக்கிற சட்டத்தை எடுங்கள்; தோட்டத்துச் சனங்களைக் கடைசி பெஞ்சில் வைக்காதீர்கள். மனு அலமாரிக்குள் போனது. ஆம்புரோஸ் ‘விடுதலைக் கூட்டம்’ என்று நக்கலாகப் பேர் வைத்தார். பேர் நன்றாகத்தான் இருக்கிறது என்று இவர்கள் அதையே வைத்துக்கொண்டார்கள்.

“நான் ஒண்ணு கேக்கவா?” என்றான் பிச்சைமுத்து. “அவுங்க கேட்ட அந்த பதிலு என்னா? மனுசன் தன் சொந்த புத்தியாலயும் சொந்த பலத்தாலயும் ஆண்டவர்கிட்ட வர முடியாது, ஆவியானவர்தான் கூப்புடணும். அதானே? அத சொந்த புத்தியால மனப்பாடம் பண்ணி ஒப்பிச்சாதான் உள்ள விடுவாங்களாம். இத கேக்குறப்ப அந்த அஞ்சு பேருல ஒருத்தருக்குக்கூட சிரிப்பு வரலியா?”

“சிரிச்சாங்க,” என்றாள் அகதா. “அவளப் பார்த்து சிரிச்சாங்க.”



“பாசார் பக்கத்துல புதுசா ஒரு சபை வந்திருக்கு,” என்றாள் இசபெல்லா. “கை தட்டிப் பாடுறாங்க. அங்க கூட்டிட்டுப் போனா இன்னைக்கே தொட்டியில முக்கி எடுத்துடுவாங்க. தொல்லை, சூசா ஒண்ணுமே இல்ல.”

“முக்கட்டும். நல்லா இருக்கட்டும். நான் போகல. இந்தக் கோயிலுக்கு அஸ்திவாரக் கல்லு சொமந்தது எங்க அப்பன். சொமந்துட்டு ஓரமா நின்னு பார்த்தாரு. நானும் ஓரமா நிக்கணும், இல்லன்னா வெளிய போவணும். இது ரெண்டத் தவுத்து வேற வழி இல்லியா நமக்கு?” அகதா கருப்பம்மாளைப் பார்த்தாள். “நீங்க சொல்லுங்கக்கா. உங்களுக்கு எந்தக் கோயிலு?”

கருப்பம்மாள் சுவரோரம் தரையில் குந்தியிருந்தாள். “மூணு வருசத்துக்கு முந்தி எம் புருசன் சம்சு சாராயம் குடிச்சு பீலி வாய்க்கால்ல விழுந்து செத்தான். மூணாம் நாள்தான் எடுத்தாங்க. சொந்தக்காரன் ஒருத்தன் கிட்ட வரல, அம்புட்டு நாத்தம். உங்க ஆளுங்க நாலு பேரு மூக்குல துணியக்கூட கட்டாம தூக்குனாங்க. ஏன்யா தூக்குறீங்கன்னு கேட்டேன். எங்களயும் ஒருத்தரு இப்படித்தாம்மா தூக்குனாருன்னு சொன்னாங்க. அந்த ஒருத்தரு யாருன்னு தெரிஞ்சிக்கத்தான் வந்தேன். கை தட்டுறதுக்கு வரல.”

இசபெல்லா தலையைக் குனிந்துகொண்டாள்.

“தப்பு எம்மேல,” என்றாள் அகதா. “பரீட்சை கூடாதுன்னு மனுவுல கையெழுத்துப் போட்டேன். அடுத்த வாரமே புத்தகத்தத் தூக்கிட்டுப் போயி இவங்கள பரீட்சைக்கி தயார் பண்ணேன். எட்டு மாசம். எப்படியாச்சும் பாஸ் பண்ணிடலாம்னு. அந்தப் பரீட்சைக்கி நாந்தான் மொதல்ல தலையாட்டுனேன்.”

“சரி, இப்ப என்னா செய்றது?” என்றான் பிச்சைமுத்து.

“நாளன்னைக்கி போதகரப் பார்க்கிறேன். அவரு முடியாதுன்னா, ஞாயித்துக்கெழம நற்கருணைப் பந்தியில பார்ப்போம்.”

போதகர் அலெக்சாண்டர் கெட்டவர் இல்லை. நல்ல பிரசங்கம் செய்வார். கிருபையைப் பற்றிப் பேசும்போது அவருக்கே கண் கலங்கும். ஆனால் அவரை மாற்றல் செய்ய ஒரு கடிதம் போதும், அந்தக் கடிதத்தை யார் எழுதுவார் என்பதும் அவருக்குத் தெரியும். அகதா வேலை முடிந்து உடுப்பெல்லாம் கையுறைப் பவுடரோடு அவர் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

“அகதா, எனக்குப் புரியாம இல்ல. ஆனா கமிட்டி தீர்மானம் இல்லாம நான் செய்ய முடியாது. ஞானஸ்நானப் பதிவேடு இருக்குற அலமாரி சாவிகூட செயலாளர்கிட்டதான் இருக்கு.”

“சாவி எதுக்குங்கய்யா? தண்ணி கொழாயில வருது.”

அவர் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. “கொஞ்சம் பொறுமையா இரும்மா. எல்லாம் மாறும்.”

“கருப்பம்மாக்கா மூணு வருசம் பொறுமையா இருந்தாங்க. தோட்டம் மாறிடிச்சி. உங்க சட்டம் மட்டும் மாறல.”

“நான் ஜெபம் பண்றேன்.”

“பண்ணுங்கய்யா. அதுக்கு கமிட்டி தீர்மானம் வேணாம்தானே?”

அப்படிப் பேசியிருக்கக் கூடாதோ என்று பஸ்ஸில் நினைத்தாள். ஜெலாப்பாங் வந்து இறங்கும்போது, இன்னும் கொஞ்சம் பேசியிருக்கலாம் என்று தோன்றியது.

நற்கருணை எடுக்க வேண்டியவர்கள் சனிக்கிழமை மாலையே உபதேசியார் கஸ்பாரிடம் பேர் கொடுத்துவிட வேண்டும். கோயில் பக்கவாட்டு வராந்தாவில் ஒரு சின்ன மேசை போட்டு நோட்டோடு உட்கார்ந்திருப்பார். பேர் நோட்டில் இல்லாதவருக்கு மறுநாள் பந்தியில் இடம் இல்லை. அந்தச் சனிக்கிழமை ஏழு பேரும் ஒன்றாகப் போய்ப் பேர் கொடுத்தார்கள்.

“என்னா, மொத்தக் கூட்டமும் ஒரே பந்தியா?” என்றார் கஸ்பார்.

“பசி உபதேசியாரே,” என்றான் பிச்சைமுத்து.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பதே முக்காலுக்கு முதல் பந்தி முன்னால் போனது. பீடத்துக்கு முன்னால் மரக் கிராதி. அதில் பன்னிரண்டு பேர் முழங்கால் போடலாம். அப்பம் வாங்கி, திராட்சை ரசம் குடித்து, போதகர் கையை உயர்த்திச் சமாதானத்தோடு அனுப்பியதும் எழுந்து இடப்பக்கமாகப் போக வேண்டும். அடுத்த பந்தி வலப்பக்கமாக வரும். அந்தக் கோயில் கட்டிய நாளிலிருந்து இதில் மாற்றம் கிடையாது.

போதகர் கையை உயர்த்தினார். ஐந்து பேர் எழுந்து போனார்கள். ஏழு பேர் எழவில்லை.

முதலில் யாரும் கவனிக்கவில்லை. அடுத்த பந்தி நடைபாதையில் வந்து நின்றது. முன்னால் ஆம்புரோஸ், பக்கத்தில் அவர் மனைவி. போதகர் இன்னொரு தடவை கையை உயர்த்தி அதே வார்த்தையைச் சொன்னார். ஏழு முதுகும் அப்படியே இருந்தன. ஆர்மோனியத்தில் ஆள் இல்லை. இசபெல்லாவும் கிராதியில்தான் இருந்தாள். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

ஆம்புரோஸ் குனிந்து அகதாவின் காதருகே சொன்னார். “எழுந்திரும்மா. பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க.”

“தெரியும் செயலாளர் ஐயா. கருப்பம்மாக்காவும் பின்னாடிதான் இருக்காங்க. மூணு வருசமா.” அகதா மெதுவாகப் பேசவில்லை. கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டது.

“இது என்னா, ஸ்ட்ரைக்கா? தோட்டத்து யூனியன்னு நெனச்சிட்டீங்களா?”

“யூனியனா இருந்தா இந்நேரம் பேச்சுவார்த்தைக்காச்சும் கூப்புட்டிருப்பாங்களே,” என்றான் பிச்சைமுத்து.

பின்னால் எங்கோ ஒருவர் சிரித்துவிட்டு இருமலாக மாற்றினார்.

“எங்களுக்கு வேற ஒண்ணும் வேணாங்கய்யா,” என்று அகதா போதகரைப் பார்த்துச் சொன்னாள். “அவங்களுக்கு ஞானஸ்நானம் குடுங்க. நாங்க எழுந்துர்றோம்.”

“கமிட்டி…” என்றார் போதகர். கையில் ரசப் பாத்திரம் இருந்தது. அதை எங்கே வைப்பதென்று தெரியாதவர்போல் நின்றார்.

“மூணு வாட்டி தவறிட்டா,” என்று ஆம்புரோஸ் சபையைப் பார்த்துத் திரும்பினார். “தெரியாதவளுக்குக் குடுத்தா இது கோயிலா, சந்தையா? எல்லாரும் ஒப்பிச்சிட்டுத்தான் வந்தோம். அவ மட்டும் என்னா ஒசத்தி?”

அப்போது வெளியே லோரி ஹார்ன் அடித்தது. நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு. பத்து மணி.

அகதா அந்தச் சத்தத்தைக் கேட்டாள். இவர்கள் மண்டியிட்டுக் கேட்கிறார்கள், அவர்கள் நின்று யோசிக்கிறார்கள். பரீட்சை என்றால் அதுவும் பரீட்சைதான். இப்போது ஒப்பிப்பது அகதா, திருத்துவது அவர்கள். அவள் எழுந்தாள்.

“ஆ, அப்படி வா வழிக்கு,” என்றார் ஆம்புரோஸ்.

“நீங்க இருங்க. எழுந்திரிக்காதீங்க,” என்று மற்ற ஆறு பேரிடம் சொல்லிவிட்டு அகதா நடுப்பாதையில் நேராக வாசலுக்கு நடந்தாள். போகிற வழியில் ஞானஸ்நானத் தொட்டியைப் பார்த்தாள். அதில் தண்ணீர் இல்லை. பிளாஸ்டிக் பூ வைத்திருந்தார்கள்.

லோரியில் சீனி வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பின்னால் பாய், தகரப் பெட்டி, சட்டி பானை.

“என்னா தங்கச்சி, முடிஞ்சிச்சா? ஆலை மொதலாளி தவுக்கே லோரிய நாலு மணிக்குள்ள கேட்டிருக்கான்.”

“அண்ணே, ஒரு பாத்திரம் குடுங்க. சீக்கிரம்.”

“சாமி கும்புடுற எடத்துல பாத்திரம் இல்லியா? எங்க முனியாண்டி கோயில்ல பரீட்சையும் கெடையாது, பாத்திரத்துக்கும் பஞ்சம் கெடையாதுலா.”

“சிரிக்கிறத அப்புறம் சிரிங்கண்ணே.”

அவளே ஏறிச் சட்டிகளுக்கு நடுவே கை விட்டாள். கையில் அகப்பட்டது ஒரு மங்கு. பால்மரத்தில் கம்பி கட்டித் தொங்கவிடுகிற பீங்கான் கோப்பை. கருப்பம்மாள் அதில் வெந்தயம் வைத்திருந்தாள். அகதா வெந்தயத்தைச் சீனியின் சட்டைப் பையில் கொட்டினாள். வாசல் குழாயில் கழுவி, நிரப்பி, சிந்தாமல் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். பின்னாலேயே சீனியும் வந்து வாசற்படியில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான்.

கடைசி பெஞ்சருகே அகதா நின்றாள்.

“அக்கா, வேணுமா?”

“வேணும்னுதானே மூணு வருசமா குந்தியிருக்கேன்,” என்றாள் கருப்பம்மாள். “ஊத்து.”

சபையில் சலசலப்பு எழுந்தது. ஆம்புரோஸ் நடைபாதையில் வேகமாக வந்தார். அவரை மறிக்கப் பிச்சைமுத்து வரவில்லை. அவன் கிராதியில்தான் இருந்தான். வாசற்படியிலிருந்து வந்து வழியில் நின்றது சீனி. அவன் ஒன்றும் செய்யவில்லை. நகரவில்லை, அவ்வளவுதான்.

“ஏசு சாமிய நம்புறீங்களாக்கா?”

“நம்புறேன்.”

“புதுப் பேரு ஏதாச்சும் வேணுமா?”

“எதுக்கு? இந்தப் பேரு அவருக்குத் தெரியாதா?”

கருப்பம்மாள் தலையைக் குனிந்தாள். அகதா கையை உயர்த்தினாள். தொழிற்சாலை மருந்தில் தோல் உரிந்த கை. மூன்று தடவை ஊற்றினாள். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி. தண்ணீர் கருப்பம்மாளின் கழுத்து வழியாக ஓடி ரவிக்கையை நனைத்து சிமெண்டுத் தரையில் சொட்டியது.

“செல்லாது!” என்று ஆம்புரோஸ் கத்தினார். “போதகர் உள்ள இருக்கும்போது, ஒரு பொம்பள, ஒரு மங்குல… செல்லவே செல்லாது!”

அகதா அவர் பக்கம் திரும்பினாள். “பத்து காஜாவுல உங்க பேத்தி பொறந்தப்ப மூச்சு இல்லன்னு ஞானஸ்நானத் தண்ணி ஊத்துனது யாரு? ஒரு நர்சு. பொம்பளதான். தண்ணி மொண்டது ஒரு பால் டின்னுல. பதிவேட்டுல உங்க கையாலதானே எழுதுனீங்க? இன்னைக்கி அந்தப் புள்ள ஞாயிறு பள்ளியில பாட்டுப் பாடுது.”

“அது உசுருக்கு ஆபத்து! அதுக்கு சட்டம் இருக்கு!”

“உசுருக்கு ஆபத்துன்னா அன்னைக்கி அந்தப் புள்ளகிட்ட யாரும் அர்த்தம் கேக்கலதானே?”

ஆம்புரோஸ் பீடத்தைப் பார்த்துத் திரும்பினார். “போதகரே, நீங்க சொல்லுங்க. செல்லுமா, செல்லாதா?”

மொத்தக் கோயிலும் அலெக்சாண்டரைப் பார்த்தது. கிராதியில் ஆறு பேர். கடைசி பெஞ்சில் தலை ஈரத்தோடு ஒருத்தி. அவர் ரசப் பாத்திரத்தைப் பீடத்தின் மேல் வைத்தார். முகத்தைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார்.

“நடந்தது ஒழுங்கு இல்ல,” என்றார்.

“கேட்டீங்களா!” என்றார் ஆம்புரோஸ்.

“ஒழுங்கு இல்ல. ஆனா தண்ணி இருந்திச்சி. மூணு நாமமும் சொல்லியாச்சி. செல்லும்.” அவர் ஆம்புரோஸைப் பார்த்தார். “நான் நெனச்சாலும் திரும்பக் குடுக்க முடியாது. நீங்க நெனச்சாலும் திரும்ப எடுக்க முடியாது, செயலாளரே. செல்லும்.”

அகதா கருப்பம்மாளின் கையைப் பிடித்து நடுப்பாதையில் கூட்டிக்கொண்டு வந்தாள். பிச்சைமுத்துவும் இசபெல்லாவும் முழங்காலாலேயே நகர்ந்து இடம் விட்டார்கள். அகதாவுக்குப் பக்கத்தில் கருப்பம்மாளும் கிராதியைப் பிடித்து மெல்ல முழங்கால் போட்டாள். அவள் முட்டி சொடுக்கியது எல்லாருக்கும் கேட்டது. போதகர் அப்பத்தை எடுத்தார். பேர் நோட்டை அவர் பார்க்கவில்லை. அவள் நீட்டிய உள்ளங்கையில் வைத்தார்.

பிறகு கையை உயர்த்தி, சமாதானத்தோடு போங்கள் என்று மூன்றாம் தடவை சொன்னார். எட்டுப் பேரும் எழுந்தார்கள்.

வெளியே சீனி அக்காவை ஏற இறங்கப் பார்த்தான். “இம்புட்டுத்தானா? இதுக்கா மூணு வருசம்? எங்கிட்ட சொல்லியிருந்தா பாரிட் புந்தார் வாய்க்கால்ல தள்ளி விட்டிருப்பேன்லா.”

“போடா,” என்றாள் கருப்பம்மாள். சிரித்தாள். லோரியில் ஏறி உட்கார்ந்து அகதாவிடம் கையை நீட்டினாள். “அந்த மங்கக் குடு. அது என்னுது.”

அகதா கொடுத்தாள்.

கமிட்டி செவ்வாய்க்கிழமையே கூடியது. ஏழு பேரும் எழுதி மன்னிப்புக் கேட்கும்வரை நற்கருணைப் பந்தியில் இடமில்லை என்று தீர்மானம். இசபெல்லாவிடம் ஆர்மோனியச் சாவியைக் கேட்டு வாங்கினார்கள். போதகர் அலெக்சாண்டருக்குத் தலைமையகத்திலிருந்து வியாழக்கிழமை மாற்றல் கடிதம் வந்தது. எந்த ஊருக்கு என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை பகலில் பதிவேட்டைச் சாவியோடு கேட்டு வாங்கி, கருப்பம்மாள் என்று தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார் என்று கஸ்பாரே வெளியில் சொன்னார்.

சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு அகதா கோயில் வராந்தாவுக்குப் போனாள். கஸ்பார் அவளைப் பார்த்ததும் நோட்டை மூடினார்.

“பேரு எழுதுங்க உபதேசியாரே.”

“எழுதக் கூடாதுன்னு உத்தரவு, அகதா. ஒனக்குத் தெரியாதா? ஒரு வரி மன்னிப்பு எழுதிக் குடுத்துட்டா முடிஞ்சிச்சி. நானே எழுதித் தரேன், கையெழுத்து மட்டும் போடு.”

“எதுக்கு மன்னிப்பு? தண்ணி ஊத்துனதுக்கா, எட்டு மாசம் பிந்தி ஊத்துனதுக்கா? பிந்துனதுக்குன்னா கருப்பம்மாக்காகிட்ட எழுதுறேன். அரைப்பேரு போடணும்னா போட்டுக்குங்க.”

“என்னைய ஏன்மா வம்புல மாட்டுற? நான் சொன்னத எழுதுறவன்.”

“நானும் ரொம்ப நாளு அப்படித்தான் இருந்தேன். எழுதுங்க. நிக்கிறேன்.”

அவள் நின்றாள். பிச்சைமுத்து பட்டறைக் கரியோடு வந்து அவளுக்குப் பின்னால் நின்றான். இசபெல்லா வந்தாள். ஏழு பேரும் வந்துவிட்டார்கள். அவர்களுக்குப் பின்னால் மற்றவர்கள் பேர் கொடுக்க வந்து சேர்ந்தார்கள். வராந்தா நிரம்பி வரிசை முற்றத்துக்கு இறங்கியது.

கஸ்பார் எட்டிப் பார்த்தார். “பின்னாடி உள்ளவங்க முன்னால வாங்க. இவங்க நிக்கட்டும், நீங்க பேரக் குடுத்துட்டுப் போங்க.”

எட்டாவதாக நின்றவர் சின்னையா. ஈயச் சுரங்கத்தில் பம்பு ஓட்டியவர். விடுதலைக் கூட்டம் என்றால் எரிச்சல்படுகிறவர். மனுவில் கையெழுத்துக் கேட்டபோது அகதாவை வாசலோடு அனுப்பியவர். அவர் ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறி நின்றார்.

“வரிசைன்னா வரிசைதான்லா,” என்றார். “அவங்க பேர எழுதிட்டு எம்பேர எழுது.”

கஸ்பார் பேனா மூடியைத் திருகினார். மறுபடியும் மூடினார். யாரும் நகரவில்லை.